ரத்தினத்துக்குக் கழுத்து நீட்டியவர்

ஜவ்வாது மலையில் கரடி உண்டு, காட்டுப்பன்றி உண்டு, மழை பிடித்துவிட்டால் பேருந்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும் பாறைகளும் உண்டு. இவற்றைப் பற்றியெல்லாம் யாராவது உங்களை எச்சரித்துவிடுவார்கள். யாரும் எச்சரிக்காத ஜீவன் ஒன்று இருக்கிறது. அது மலையில் மட்டும் வசிப்பதில்லை. மேடையும் ஒலிபெருக்கியும் உள்ள எந்த ஊரிலும் குட்டி போட்டுப் பெருகும். அதற்கு ரத்தினக்காத்தான் என்று பெயர் வைத்திருக்கிறேன். பாரத ரத்னாவுக்காகக் காத்திருப்பவர் என்று பொருள்.

சிரிக்காதீர்கள். நாட்டின் மிக உயர்ந்த விருது, வாழ்நாளெல்லாம் நாட்டுக்கு உழைத்தவர்களுக்குத் தருவது, அதற்காகப் போய் ஒருவர் ஒடுகத்தூரில் உட்கார்ந்து காத்திருப்பாரா என்று கேட்பீர்கள். எங்கே உட்கார்ந்தாலும் காத்திருக்கலாம். காத்திருக்கத் தகுதி தேவையில்லை. கழுத்து இருந்தால் போதும்.

சால்வைக்குக் காத்திருப்பவரை இவரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அவர் அப்பாவி. ஒரு சால்வை, ஒரு எலுமிச்சம்பழம், மேடையில் ஓரமாக ஒரு மடக்கு நாற்காலி, இவ்வளவு கிடைத்தால் பிறவிப்பயன் அடைந்து வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடுவார். ரத்தினக்காத்தான் சால்வையைத் தொடமாட்டார். குடியரசு நாளில் நல்ல தொண்டர் என்று ஒரு கைத்தறித் துண்டைப் போர்த்த வந்தால் இரண்டடி பின்வாங்குவார். "எனக்கு எதுக்குங்க இதெல்லாம்?" என்பார். கூட்டம் கைதட்டும். ஆகா, என்ன பணிவு! பணிவா? சின்னதை வாங்கிவிட்டால், 'இவருக்குத்தான் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டதே' என்று டில்லியில் யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

காலையில் செய்தித்தாள் வந்ததும் மறைந்தவர்களின் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார். நாடறிந்த பெரியவர் யாராவது போயிருந்தால் உச்சுக்கொட்டுவார், ஒரு நிமிடம் கண்ணை மூடுவார், பிறகு நிதானமாகச் சொல்வார்: "வரிசையில ஒருத்தர் கொறஞ்சாரு."

விருதுக்கு ஏது வரிசை என்று கேட்டுப் பாருங்கள்.

"ரேஷன் சக்கரைக்கே வரிசை கீதுங்க. ரத்தினத்துக்கு இல்லாமப் போவுமா?"

நான் அறிந்த ரத்தினக்காத்தான்களில் முழு வளர்ச்சி பெற்றவர் துரைக்கண்ணு. மலையடிவாரத்தில் ஒடுகத்தூர்க் கடைவீதியில் அவருக்கு வேர்க்கடலை மண்டி. மண்டியை அவர் மனைவி சாந்தம்மாள் பார்த்துக்கொண்டாள், நாட்டை இவர் பார்த்துக்கொண்டார். விருது அரச இலை வடிவத்தில் இருக்கும், வெள்ளை நாடாவில் கோத்துக் கழுத்தில் அணிவிப்பார்கள் என்று இவர் எங்கோ படித்துவிட்டார். போயிற்று. அன்றிலிருந்து தினமும் குளித்ததும் பிள்ளையார் கோயில் மரத்திலிருந்து ஓர் அரச இலை வரும். சாந்தம்மாளின் பாவாடை நாடா ஒன்று வரும். இலையை நாடாவில் கட்டி அவள் இரண்டு கையாலும் ஏந்தி நிற்க வேண்டும். இவர் எதிர்ச்சுவரிலிருந்து புறப்பட்டு, கூட்டத்தைப் பார்த்து மெல்லச் சிரித்து, நாலு எட்டு வைத்து நின்று, கழுத்தைக் குனிவார்.

"இன்னும் மேல தூக்கும்மே. ஜனாதிபதி ஒசரமா இருப்பாரு."

"நான் ஒசரமா இல்லீங்களே."

"முக்காலி போட்டுக்கினு நில்லு."

"அடுப்புல பால் பொங்குதுங்க."

"டில்லியில பால் பொங்காது. நில்லு."

இந்தக் குனிவு நாளடைவில் அவர் உடம்போடு ஒட்டிக்கொண்டது. நாவிதர் துணி போர்த்தினால் குனிவார். கண்டக்டர் டிக்கெட்டை நீட்டினால் குனிவார். சட்டைக்குக் காலர் வைக்கவிடமாட்டார், நாடா மடங்குமாம். மலைமேல் குடிசைகளின் வாசல் தாழ்வாக இருக்கும் அல்லவா? அது அவருக்கு மிகவும் பிடித்துப்போய், வேலையே இல்லாவிட்டாலும் நுழைந்து நுழைந்து வெளியே வருவார். உள்ளே இருப்பவர்கள் ஏதோ தொலைத்துவிட்டார் என்று சேர்ந்து தேடுவார்கள்.

ஜனவரி இருபத்தைந்து அவருக்குத் தீபாவளி. விருதுப் பெயர்களை அன்றுதான் அறிவிப்பார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்து, வெள்ளைக் கதர் உடுத்தி, வானொலிப் பெட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காருவார். பக்கத்தில் சாந்தம்மாள் ஆரத்தித் தட்டோடு தயாராக இருக்க வேண்டும். பெயர்கள் வரும். இவர் பெயர் வராது. "இந்த வருசம் வேணாம்னு நானே நெனச்சேன்" என்று எழுந்து போய்ப் படுத்துவிடுவார். கரைத்த ஆரத்தியை என்ன செய்வது? சாந்தம்மாள் கொல்லைப்புறம் போய்ப் பூசணிக்கொடிக்கு ஊற்றுவாள். அந்த வீட்டில் ஆண்டுதோறும் தவறாமல் கௌரவிக்கப்பட்டது அந்தக் கொடி ஒன்றுதான்.

சரி, தொண்டு? விருது வாங்கத் தொண்டு செய்ய வேண்டாமா?

அதில்தான் அவர் மேதை. ஒடுகத்தூரில் தொண்டர் நெரிசல் அதிகம். ஒரு தெருவிளக்கு அணைந்தால் ஏழு பேர் மனு எழுதுகிறார்கள். எனவே மலை ஏறினார். ஜமுனாமரத்தூருக்கு அப்பால், பேருந்துச் சாலைக்கும் ஊருக்கும் நடுவில் ஓர் ஓடை குறுக்கிடும் அத்திக்கொல்லை என்ற சிற்றூரைக் கண்டார். கோடையில் கணுக்கால் நனையும் ஓடை. மழையில் ஆளைப் புரட்டும். புளி மூட்டையும் சாமை மூட்டையும் தலையில் சுமந்துகொண்டு சந்தைக்குப் புறப்பட்ட பெண்கள், கரையில் நின்று வெள்ளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். துரைக்கண்ணுவின் கண்கள் பனித்தன. இவ்வளவு நல்ல குறை ஒன்று இத்தனை நாள் யார் கண்ணிலும் படாமல் கிடந்ததே!

"பாலம் வேணுமா?" என்று கேட்டார்.

"வேணும் சாமி" என்றார்கள்.

தொண்டு தொடங்கிவிட்டது.

இங்கே நீங்கள் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். விருது வாழ்நாள் தொண்டுக்கு. வாழ்நாள் முழுக்கத் தொண்டு செய்ய வேண்டுமானால் வாழ்நாள் முழுக்கத் தீராத குறை ஒன்று வேண்டும். பாலத்தைக் கட்டிவிட்டால் அப்புறம்? தொண்டு அன்றோடு முடிந்துபோகும். பிறகு வேறோர் ஓடைக்கு அலைய வேண்டும். எனவே அவர் அந்த ஓடையைக் கண்ணை இமை காப்பது போலக் காத்தார். ஊர்க்காரர்கள் இரண்டு மரங்களைக் குறுக்கே போடப் பார்த்தால், "பொறுங்க பொறுங்க, முறையா வரட்டும்" என்று தடுப்பார். முறையாக வருவதற்கு அடையாளமாக ஓர் அடிக்கல் நடுவார். கறுப்புக் கல்லில், கல்தச்சர் கைவண்ணத்தில், 'பாலத் தொண்டர் துரைக்கண்ணு' என்று பெரிய எழுத்து. அதற்குக் கீழே, இடம் மிஞ்சினால், பாலம் பற்றிச் சின்ன எழுத்து.

முதல் கல் நட்ட அன்று ஊர்க்கவுண்டர் மாதையன் வெகுநேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அந்த மலையில் பெயர் வெட்டிய கல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான். புலியோடு பொருதிச் செத்தவன், ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவன், அப்படிப்பட்ட பெரிய சாவுக்காரர்களுக்குத்தான் கல் நடுவார்கள். காடு மேடெல்லாம் அந்தக் காலத்து நடுகற்கள் நிற்கின்றன. பொங்கல் வந்தால் மாட்டை ஓட்டிப்போய் அவற்றின் முன் நிறுத்தித் தேங்காய் உடைப்பார்கள்.

"யாருக்குங்க கல்லு?" என்று மாதையன் தணிந்த குரலில் கேட்டார்.

"எனக்குத்தான்" என்றார் துரைக்கண்ணு பெருமையாக.

மாதையன் அவரை மேலும் கீழும் பார்த்தார். திடமாகத்தான் இருந்தார். "அவசரக்கார மனுசன்" என்று பக்கத்தில் நின்ற ஊர்க்காரன் கோவிந்தனிடம் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கல்லைக் கும்பிட்டார். ஊரும் கும்பிட்டது. துரைக்கண்ணு நெகிழ்ந்துபோனார். நன்றியுள்ள மக்கள்!

கோவிந்தனின் அக்காள் பாஞ்சாலை மட்டும் கும்பிட்ட கையைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டாள்: "கல்லு வந்துச்சு சாமி, பாலம் எப்போ வரும்?"

"கல்லு வந்துட்ட பின்னாடி பாலம் வராம எங்க போவும்?"

பாஞ்சாலைக்கு அந்தப் பாலம் வெறும் வசதி அல்ல. அடுத்த மழைக்காலத்தில் அவள் மகள் கெங்கம்மாளுக்கு இடுப்புவலி கண்டது. கட்டிலில் தூக்கிக்கொண்டு ஓடைக்கு வந்தார்கள். ஓடை வழிவிடவில்லை. ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரி அந்தப் பக்கம், கெங்கம்மாள் இந்தப் பக்கம். கொட்டுகிற மழையில் அடிக்கல்லின் மறைவில்தான் பெண்குழந்தை பிறந்தது. தாயும் சேயும் பிழைத்தது கடவுள் செயல். செய்தி கேட்டு ஓடோடி வந்தார் துரைக்கண்ணு. கையில் மருந்து இல்லை, பால் இல்லை. கூடவே போட்டோக்காரர் இருந்தார். குழந்தையைக் கல்லின் மேல் படுக்க வைத்து, எழுத்து மறையாமல் ஒரு படம். "இனிமே இப்படி நடக்கக் கூடாது" என்று குரல் தழுதழுக்க முழங்கினார். உடனே நடவடிக்கை எடுத்தார். இரண்டாவது கல் நட்டார்.

பிறகு மூன்றாவது. பிறகு நாலாவது. ஓடைக்கரை சிறு இடுகாடு போல ஆயிற்று.

இப்படித் தொண்டு தழைத்திருந்த வேளையில் இடி விழுந்தது. எழுபத்தேழில் டில்லியில் ஆட்சி மாறியது. அந்த ஆடி மாதம் புதிய அரசு இனி இந்த விருதுகளே வேண்டாம் என்று நிறுத்திவிட்டது. நாடு முழுவதும் இதைப் படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போயிற்று. துரைக்கண்ணு போகவில்லை.

"பாத்தியா சாந்தம்மா? எனக்குத் தரக் கூடாதுன்னே விருதையே நிறுத்திப்புட்டாங்க."

"உங்களுக்காகவா?"

"பின்ன? அடுத்தது நான்தான்னு தெரிஞ்சிருக்கு. பேரைத் தள்ள வழியில்ல. அதான் மொத்தத்தையும் தூக்கிட்டாங்க."

சொல்லும்போது துக்கத்துக்கு நடுவே ஒரு சின்னப் பெருமையும் மின்னியது. ஒரு தனி மனிதனைச் சமாளிக்க ஓர் அரசாங்கம் இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறதே!

ஆனாலும் துக்கம் துக்கம்தான். வீட்டு வாசலில் பந்தல் போட்டார். வாடகைக்கு பெஞ்சு வந்தது. தலையை மழித்துக்கொண்டு, துண்டை முக்காடாகப் போட்டு, தலையைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். மண்டிக்காரர்கள் வந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து எழுந்து போனார்கள். செத்தது யார் என்று கேட்டால், "தகுதிங்க, தகுதி செத்துப்போச்சு" என்பார். கேட்டவர்கள் தலையாட்டுவார்கள், மண்டியிலிருந்து அவர்களுக்கு வர வேண்டிய பாக்கி இருக்கிறதே. உள்கூடத்தில் துரைக்கண்ணுவின் பெரிய படம் ஒன்று, சந்தன மாலையும் எரிகிற சின்ன விளக்குமாக. அது புதிதல்ல. தம் படத்துக்குத் தாமே மாலை போட்டு வைத்துப் பல காலம் ஆயிற்று.

அந்த நேரம் பார்த்து, பலாப்பழம் விற்க மலையிலிருந்து இறங்கிய கோவிந்தன் அந்த வழியாக வந்தான். பந்தல் தெரிந்தது. பெஞ்சு தெரிந்தது. உள்ளே மாலை போட்ட படம் தெரிந்தது. பெஞ்சில் முக்காடிட்ட ஒரு மொட்டைத்தலை. அசப்பில் அவரைப் போலவே இருக்கிறது, தம்பியாக இருக்க வேண்டும். இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன சொல்ல வேண்டும்? சாவு வீட்டு வாசலில் பலாப்பழத்தோடு நிற்பது முறையல்ல. பழத்தைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு, தலை முழுகி, ஈரத்துணியோடு மலை ஏறினான்.

"தொரக்கண்ணு சாமி போய்ட்டாரு."

அத்திக்கொல்லைக்காரர்கள் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்கள். பிறகு மாதையன் சொன்னார்: "கல்லு மட்டும் முன்னாடியே வந்துடுச்சு. பாவம், வெவரமான மனுசன்."

இனிதான் விஷயம். அந்த ஊர் வழக்கப்படி, கல் உள்ளவன் குறையோடு போனால் அவன் உயிர் ஓடையைத் தாண்டாது. குறை தீரும்வரை கரையிலேயே உட்கார்ந்துகொண்டு போகிறவர் வருகிறவரையெல்லாம் வழிமறித்துக் கேட்டுக்கொண்டே இருக்கும். துரைக்கண்ணுவின் குறை என்ன என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. உயிரோடு இருந்தபோதே அந்தக் கரையில் உட்கார்ந்துகொண்டு அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தார்?

மறுநாளே ஒருத்தி குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். கல்லுக்குப் பின்னாலிருந்து, "பாலம் வேணுமா?" என்று கேட்டதாம்.

"நீ இன்னா சொன்னே?"

"வேணும்னு சொல்லிட்டேன்."

"போச்சு போ. அஞ்சாவது கல்லு நட்டுடப் போவுது!" என்றாள் பாஞ்சாலை.

ஊர் நடுங்கியது. உயிரோடு இருந்த துரைக்கண்ணுவை ஆண்டுக்கு ஒரு முறை சமாளித்தால் போதும்; செத்த துரைக்கண்ணு தினமும் வருவார். மாதையன் சுற்றுவட்டாரச் சிற்றூர்களுக்கெல்லாம் வெற்றிலை பாக்கு அனுப்பினார். காற்றில் சாய்ந்து கிடந்த மரங்கள் உருண்டு வந்தன. ஓடையில் கல் அடுக்கித் தூண் எழுப்பினார்கள். மரத்தைப் படுக்கவைத்து, மூங்கில் பரப்பி, மண் கொட்டி மிதித்தார்கள். ஆண்கள் கட்ட, பெண்கள் மண் சுமக்க, கிழவர்கள் குறை சொல்ல, ஐப்பசி மழைக்கு முன்னால் பாலம் எழுந்துவிட்டது. ஒரு மாடு, ஒரு புளி மூட்டை, இடுப்பில் குழந்தையோடு கெங்கம்மாள் என்று வரிசையாக நடத்திப் பார்த்தார்கள். அசையவில்லை. நாலு கல்லுக்கும் தேங்காய் உடைத்தார்கள். அன்றோடு கரையில் குரல் நின்றது. அவ்வளவு நாள் தொண்டு செய்து முடியாததை அவர் செத்து மூன்றே மாதத்தில் முடித்துவிட்டார்.

இது எதுவும் துரைக்கண்ணுவுக்குத் தெரியாது. விருது இல்லாத நாட்டில் எதற்குத் தொண்டு என்று மண்டியில் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். சந்தைக்கு வந்த மலைக்காரர்கள் தூரத்திலிருந்து பார்த்து, "அவரு தம்பி. அண்ணன் போனதுலேருந்து வாயே தெறக்கறதில்ல" என்று உச்சுக்கொட்டிக்கொண்டு போனார்கள்.

எண்பது பிறந்தது. டில்லியில் மறுபடி ஆட்சி மாறியது. அந்த ஜனவரியிலேயே விருதுகள் திரும்பி வந்தன.

"பாத்தியா சாந்தம்மா? எனக்குத் தர்றதுக்குன்னே திரும்பக் கொண்டாந்துட்டாங்க!"

அரச இலை வந்தது. பாவாடை நாடா வந்தது. துருப்பிடித்திருந்த கழுத்துக்கு எண்ணெய் தேய்த்து ஒத்திகை நடந்தது. ஒரே வாரத்தில் ஐந்தாவது கல் தயாராகி, மலைப் பேருந்தின் கூரையில் ஏறியது. துரைக்கண்ணு சன்னலோரம் உட்கார்ந்து, கைவிடப்பட்ட மக்களை நினைத்து வழியெல்லாம் உருகிக்கொண்டே போனார்.

ஓடைக்கரையில் கல்லை இறக்கிவிட்டு நிமிர்ந்தால், எதிரே பாலம்.

"இது இன்னாது?"

பாலத்தின் மேல் புளி உலர்த்திக்கொண்டிருந்த பாஞ்சாலை எழுந்து வந்தாள். "வாங்க தம்பி. அண்ணனைப் பாக்க வந்தீங்களா? அதோ, நாலு கல்லும் நல்லா கீது. பொங்கலுக்குத்தான் படையல் போட்டோம்."

"யாரு தம்பி? நான்தான் துரைக்கண்ணு!"

பக்கத்திலிருந்த கோவிந்தன் பின்வாக்கில் நாலடி பாய்ந்து ஓடையில் விழுந்தான். பாஞ்சாலை அசையவில்லை. குனிந்து அவர் காலைப் பார்த்தாள். கால் தரையில் பாவியிருந்தது. நிழலும் விழுந்தது.

"ஆமாடா கோவிந்தா. சாவலடா இவரு."

"எனக்கு ஏன் சாவு வருது? யாரைக் கேட்டுப் பாலம் கட்டினீங்க?"

"நீங்க செத்துட்டீங்கன்னு கட்னோம் சாமி."

"பிரிங்க!"

"இன்னாது?"

"பிரிங்கன்றேன். பூமி பூசை இல்ல, மேடை இல்ல, மைக்கு இல்ல, நாடா வெட்டல. இது ஒரு பாலமா? மொதல்ல பிரிச்சிப் போடுங்க. கல்லு கொண்டாந்திருக்கேன், நடறேன். அப்புறம் முறையா வரும்."

"எப்போ வரும்?"

"கல்லு வந்துட்ட பின்னாடி..."

"சாமி, எம் பொண்ணு மறுபடி மாசமா கீறா. வர்ற மழையில தேதி. போன தபா மாதிரி உங்க கல்லுக்குப் பின்னாடி பெக்கச் சொல்றீங்களா?"

துரைக்கண்ணுவின் முகத்தில் ஒரு கணம் ஏதோ அசைந்தது. போட்டோக்காரரை அழைத்து வரவில்லையே என்ற நினைப்பாகவும் இருக்கலாம். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மரம் ஏது? காட்டு மரம். பாரஸ்டுக்காரங்க காதுல ஒரு வார்த்தை போட்டேன்னா, அவங்களே வந்து பிரிச்சிக்கினு போவாங்க. பரவாயில்லயா?"

சத்தம் கேட்டு ஊரோடு ஓடிவந்திருந்த மாதையன் கையைப் பிசைந்தார். ஊரே கெங்கம்மாளின் வயிற்றைப் பார்த்தது. அந்நேரம் சாலைப்பக்கம் ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மலைக்காரர்கள் தாங்களே ஒரு பாலம் கட்டிக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டு, பார்த்துவிட்டுப் போக வேலூரிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். புதியவர். துரைக்கண்ணுவை அவருக்குத் தெரியாது.

அதிகாரி இறங்கி நடந்து வருவதற்குள் பாஞ்சாலை துரைக்கண்ணுவின் காதருகே போய்விட்டாள்.

"சாமி, ஒண்ணு சொல்றேன் கேளுங்க. நீங்க உசுரோட இருந்தா இந்தப் பாலம் எங்க பாலம். நாங்க கட்னது. நீங்க செத்திருந்தா, இது உங்க பாலம். எது வேணும்னு நீங்களே பாத்துக்குங்க."

துரைக்கண்ணு விழித்தார். அதிகாரி வந்துவிட்டார். பாலத்தின் மேல் நடந்தார், காலால் உதைத்துப் பார்த்தார், வியந்தார்.

"யாரும்மா கட்டினது இது?"

"எங்க தொரக்கண்ணு சாமிங்க" என்று நாலு கல்லையும் காட்டினாள் பாஞ்சாலை. "உசுரோட இருந்த வரைக்கும் பாலம் பாலம்னே கெடந்தாரு. செத்த பின்னாடியும் வுடல. தெனம் வந்து கேட்டாரு. அவருக்காவத்தான் கட்னோம்."

ஒரு பொய் இல்லை, பாருங்கள்.

அதிகாரி கற்களை ஒவ்வொன்றாகப் படித்தார். எண்ணெய்ப் பிசுக்கும் குங்குமமும் தேங்காய்த் தண்ணீர்க் கறையும் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். "இப்படி ஒரு மனிதரா!" என்றார். "நாட்டின் பெரிய விருதெல்லாம் இவரைப் போன்றவர்களுக்கல்லவா போக வேண்டும்? இறந்த பிறகும் தருகிறார்கள். நான் மேலே சொல்லிப் பார்க்கிறேன்."

துரைக்கண்ணுவின் தொண்டையிலிருந்து கோழிக்குஞ்சு கத்துவதுபோல் ஒரு சத்தம் வந்தது. அதிகாரி திரும்பினார்.

"இவர் யார்?"

மாதையன் வானத்தைப் பார்த்தார். கெங்கம்மாள் வயிற்றில் கைவைத்துக்கொண்டாள். கோவிந்தன் ஈரத்துணியைப் பிழிவதை நிறுத்தினான். துரைக்கண்ணு கற்களைப் பார்த்தார்; பாலத்தைப் பார்த்தார்; தம் இரு கால்களும் தரையில் பாவியிருப்பதைப் பார்த்தார். பிறகு, பல காலம் பழகிய அதே கோணத்தில், கழுத்தைக் குனிந்துகொண்டார்.

"தம்பிங்க" என்றார். "அண்ணன்... ரொம்ப நல்ல மனுசன்."

"அந்தக் கல்?"

ஐந்தாவது கல்லைத்தான் கேட்டார்.

"அண்ணனுக்குத்தாங்க" என்றார் துரைக்கண்ணு. அன்றே அதை நட்டுவிட்டார்கள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அரச இலையை எடுத்து நாடாவில் கட்டி, முக்காலியில் தாம் ஏறி நின்றுகொண்டார்.

"சாந்தம்மா, இனிமே நீதான் குனியணும். அந்தச் சுவத்துலேருந்து நடந்து வா. சிரிக்காத. துக்கமா வரணும்."

"நான் எதுக்குக் குனியணும்?"

"நான் செத்துட்டேன். செத்தவங்களுக்குப் பொண்டாட்டிதான் வாங்கணும். அப்புறம், பூ பொட்டெல்லாம்..."

சாந்தம்மாள் கையிலிருந்த கடலைப் படியைக் கீழே வைத்தாள்.

"இத்தினி வருசமா உங்க நாடாவைப் புடிச்சிக்கினு நின்னேன். பால் பொங்கி ஊத்துச்சு, நின்னேன். இப்போ உங்க இலைக்காவ நான் தாலியைக் கழட்டணுமா? ஒருதபா இந்தக் கழுத்தை உங்களுக்கு நீட்னதே போதும். எறங்குங்க மொதல்ல, முக்காலி ஆடுது."

ரத்தினக்காத்தானின் வாழ்வில் இப்படித்தான் சிக்கல் விழும். அத்திக்கொல்லையில் செத்திருக்க வேண்டும், ஒடுகத்தூரில் சாக அனுமதியில்லை. ஜனவரி இருபத்தைந்துகள் வந்தன, போயின. பூசணிக்கொடி மட்டும் செழித்தது.

ஆனால் பாலம் நின்றது. அந்த மழையில் கெங்கம்மாள் அதன்மேல் கட்டிலில் போய், ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரியில், கூரைக்குக் கீழே பெற்றுக்கொண்டு வந்தாள். செத்த பெரியவர் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது அங்கே வழக்கம். வைத்தார்கள்.

பொங்கல்தோறும் துரைக்கண்ணு மலை ஏறுவார். தம் கற்களுக்குத் தேங்காய் உடைப்பதைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பார். ஊர்க்காரர்கள் தம்பிக்குக் கொடுக்க வேண்டிய மூடித் தேங்காயைக் கொடுப்பார்கள். அதற்கு மேல் கண்டுகொள்ள மாட்டார்கள். 'பாலம் வேணுமா' என்று யாரிடமும் கேட்க வழியில்லை. கேட்டால் பேய் ஆகிவிடுவார். சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு பொங்கலன்று அவர் பாலத்தின் நடுவில் நின்றிருந்தபோது பின்னாலிருந்து பாஞ்சாலையின் குரல் கேட்டது:

"டேய் தொரக்கண்ணு! பாலத்து மேல எகிறிக் குதிக்காதடா, ஒடைஞ்சிடப் போவுது!"

துரைக்கண்ணு திடுக்கிட்டு, இரண்டு கையாலும் கைப்பிடி மூங்கிலைப் பற்றிக்கொண்டார். அவர் காலுக்கிடையில் புகுந்து ஒரு பொடியன் ஓடினான்.

அவரைப் பார்த்துச் சிரித்தாகிவிட்டதா? நல்லது. இப்போது அசையாமல் அப்படியே இருங்கள். அந்த வரிசையில் நீங்கள் இல்லை என்று உறுதியாகச் சொல்கிறீர்கள். விருதா, எனக்கு எதுக்குங்க அதெல்லாம் என்கிறீர்கள். நான் கேட்கவேயில்லையே? போகட்டும். இந்தப் பக்கத்தைப் பிடித்திருக்கும்போது உங்கள் கழுத்து எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சற்றே முன்னால் சாய்ந்து, பணிவாக, ஒரு நாடா நுழையும் அளவுக்கு. படிக்கிறவர் யாராக இருந்தாலும் குனியத்தானே வேண்டும் என்பீர்கள்.

துரைக்கண்ணுவும் முதன்முதலில் விருதைப் பற்றி எங்கோ படித்துக்கொண்டுதான் இருந்தார்.